நிறுத்தி வெச்ச கேஷ்

தொடக்கூடாதுன்னு சொன்னா தொடத்தான் செய்வேன். என்ன பண்ணிருவானுங்க. நீல ஸ்கிரீன், வெள்ளை எழுத்து, மவுஸ் இங்க செல்லாது, அம்புக்குறியை அமுக்கி அமுக்கித்தான் மேலேயும் கீழேயும் போகணும். இதுக்குப் பேரு பயாஸ். கம்ப்யூட்டர் முழுசா முழிக்கிறதுக்கு முன்னாடி கை இருக்கா கால் இருக்கான்னு பாத்துக்கிற எடம். இதுக்குள்ள போகவே கூடாதுன்னு ஜெரோம் சொல்லியிருக்கான். ஜெரோம்னா திண்டுக்கல்லேருந்து பைக்ல வர்ற சர்வீஸ்காரன், வந்தான்னா டீயைக் குடிச்சுட்டு ஸ்க்ரூ ட்ரைவரைக் காதுல சொருகிக்கிட்டு நம்மளை மேலேயும் கீழேயும் பாப்பான். ஜெரோம் சொன்னா என் தம்பி செங்குட்டுவனுக்கு வேத வாக்கு. குட்டுவன் இப்ப சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கான். சாப்பிட்டு, ஒரு கண்ணு அசந்து, எந்திரிச்சு வருவான். வந்ததும் மொத வேலையா ஒட்டன்சத்திரத்துப் பையனுக்குப் போன் போடப்போறான். அந்தப் பையன் புது மெஷினோட வந்து இந்த மேஜையில உக்காருவானாம், கல்யாண ஆல்பமெல்லாம் இனிமே அவன் டிசைன் பண்ணுவானாம், நான் வாசப் பக்கம் கவுண்டர்ல உக்காந்து ரசீது போட்டாப் போதுமாம். உனக்கும் ரெஸ்ட்டு வேணும்லக்கா, அப்படிங்கறான். ரெஸ்ட்டு. யாரு கேட்டா இவன்கிட்ட ரெஸ்ட்டு. பழனி அடிவாரத்துல எத்தனை ஸ்டூடியோ இருக்கு, கண்மணி ஸ்டூடியோ ஆல்பம்னா தனியாத் தெரியும்னு மண்டபத்து மேனேஜரே சொல்லுவாரு, அது யாரு பண்ணின ஆல்பம்? இந்த எழிலரசி பண்ணினது. இந்தச் சேர்ல உக்காந்து பண்ணினது. பஞ்சு நசுங்கி என் இடுப்புக்குத் தக்கன குழிஞ்சு கெடக்கு, இதுல இன்னொருத்தன் உக்காந்தா அவனுக்கு முதுகுதான் வலிக்கும்.

இந்தா இருக்கு. ரெண்டு வரி. முதல் நிலை கேஷ், ஓடுது. ரெண்டாம் நிலை கேஷ், நிறுத்தி வெச்சிருக்கு. அட பாவிகளா. நிறுத்தித்தான் வெச்சிருக்கானுங்க. ஒரு வாரமா இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். இன்டர்நெட்ல ஒருத்தன் எழுதியிருந்தான், விண்டோஸ்க்குள்ள ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, அதுல கேஷ் அளவை ஒரு எண்ணாப் போட்டா மெஷின் பறக்கும்னு. போட்டேன். பறக்கல. குட்டுவன் பின்னாடி நின்னு சிரிச்சான், ஏன்க்கா உனக்கு இந்த வேலைன்னு. அப்புறம் இன்னொருத்தன் எழுதியிருந்தான், அந்த எண்ணைப் போடறதெல்லாம் சும்மா மனசுத் திருப்திக்கு, விண்டோஸ் அதுவாவே அளவைத் தெரிஞ்சுக்கும், உங்க மெஷின் நெசமாவே நடக்காமக் கெடந்தா பயாஸ்ல போய் கேஷை யாராவது நிறுத்தி வெச்சிருக்காங்களான்னு பாருங்கன்னு. யாராவதுன்னு படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. கேஷ்னா என்னன்னு மூணு தடவை படிச்சும் புரியல, நாலாவது தடவை கல்யாண மண்டபத்தை நெனச்சேன், புரிஞ்சுருச்சு. போட்டோ எடுக்கறவன் பேட்டரியையும் கார்டையும் சட்டைப் பையில வெச்சிருப்பான், தீந்துச்சா, கையை விட்டான், எடுத்தான், மாட்டினான், தாலி கட்டறது தவறாது. அந்தப் பைதான் கேஷ். அந்தப் பையைத் தெச்சு மூடிட்டா? ஒவ்வொரு தடவையும் படியிறங்கி வெளிய நிக்கிற வேனுக்கு ஓடி எடுத்துட்டு வரணும். பிராசஸர் அதே பிராசஸர்தான், கெட்டிக்காரன்தான், ஆனா ஓடியே செத்தான். பாக்கறவன் என்ன சொல்லுவான்? இவனுக்கு வயசாயிருச்சு, வேற ஆளைப் போடுன்னு சொல்லுவான்.

ஓட விடு. அமுக்கியாச்சு. சேமிக்கவான்னு கேக்குது. சேமி. எஃப் டென். ஒய். ஸ்கிரீன் அணைஞ்சுருச்சு. கறுப்பு. ஃபேன் சத்தம் மட்டும் வருது. வந்துரும். இப்பக் கையில இருக்கற கல்யாணத்தோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆயக்குடி ஆளுங்க, ஆல்பத்துக்கு நாயா அலையறாங்க, அவங்க போட்டோவெல்லாம் காலையிலேயே டிவிடியில எழுதி பீரோவுல வெச்சுட்டேன், அந்த அளவுக்கு மூளை இருக்கு எனக்கு. ஆனாலும் இந்தக் கறுப்பு பிடிக்கல. இந்த மாதிரி ஒரு கறுப்புலதான் அன்னைக்கு விழுந்தேன். அக்னி நட்சத்திரம், வரிசையா முகூர்த்தம், ரெண்டு ராத்திரி கண்ணை மூடல, டீயும் பன்னும்தான் சாப்பாடு. மெஷினும் வேற நிமிஷத்துக்கு ஒருக்கா ஹேங் ஆகுது. சேவ் பண்ணு, ஹேங், மறுபடியும் மொதல்லேருந்து. திடீர்னு நாக்குல இரும்பு ருசி வந்துச்சு, அவ்வளவுதான் ஞாபகம். கண்ணு சொருகி, கை கால் வெட்டி, இந்த மேஜைக்குக் கீழதான் கெடந்தேனாம். வாசல்ல மொட்டை போட்ட கொழந்தையோட போட்டோ எடுக்க வந்த குடும்பம் ஒண்ணு இரும்புச் சாவியைக் கையில குடுங்கன்னு கத்துச்சாம். மதுரைக்குக் கொண்டு போனாங்க. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் இல்ல, தூக்கமில்லாம வந்த வலிப்பா இருக்கலாம், கொஞ்ச நாள் மாத்திரை போடட்டும், பாத்துக்குவோம்னாரு. நான் அங்க படுத்திருந்த வாரம்தான் இங்க இந்த மெஷினும் சுத்தமாப் படுத்துருச்சு. குட்டுவனே சிரிச்சுக்கிட்டு சொல்லியிருக்கான், நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஜெரோம் வந்து உள்ள என்னத்தையோ நிறுத்தி வெச்சான்க்கா, அப்புறம் ஹேங்கே ஆகல, திருப்பிப் போட்டுறவான்னு கேட்டான், இருக்கட்டும் எதுக்கு வம்புன்னுட்டேன்னு. இருக்கட்டும், எதுக்கு வம்பு. அது அவனோட தாரக மந்திரம். நான் அதைக் காதுல வாங்கி அப்படியே விட்டுட்டேன், எதை நிறுத்தினான்னு கேக்கல. கேக்கத் தோணல, அப்ப எனக்கு எதுவுமே தோணல.

எழுத்து வருது. மெமரியை எண்ணுது. எண்ணு, எண்ணு, ராசா. இப்ப மறுபடியும் கறுப்பு. ஜெரோம் ஒண்ணும் முட்டாள் இல்ல, அதையும் சொல்லணும். சூட்டுல ஹேங் ஆகற மெஷினுக்கு ஒவ்வொண்ணா நிறுத்திப் பாக்கறது வழக்கம்தான்னு அந்த இன்டர்நெட் பக்கத்துலயே எழுதியிருந்துச்சு. ஆனா ஏன் சூடாகுதுன்னு பாக்கணும்ல? பக்கத்துக் கடை திருநீறு கடை. சாக்குச் சாக்கா வந்து எறங்கும், தட்டிக் கொட்டுவாங்க, ஸ்டூடியோ பூரா வெள்ளைப் பூச்சு, துணி போட்டுத் துடைக்கலேன்னா லென்ஸ் பட்டை போட்டுக்கும். காலையில நானே ஸ்க்ரூவைக் கழட்டி சிபியுவைத் தெறந்து பாத்தேன். பிராசஸர் மேல இருக்கற ஃபேன் எறக்கையெல்லாம் திருநீறு, அதுக்குக் கீழ இருக்கற அலுமினியக் கட்டியில எடைவெளியே இல்ல, சாம்பல் மெத்தையா அப்பிக் கெடக்கு, மூச்சு விட வழியில்லாம அது எப்படிச் சூடாகாம இருக்கும். லென்ஸ் ஊதுற ரப்பர் ப்ளோயரை எடுத்து புஸ் புஸ்னு ஊதினேன், பிரஷ் வெச்சுத் தட்டினேன், என் தலை, மூக்கு, ஜாக்கெட் எல்லாம் திருநீறு. மலை மேல போய் வந்தியாக்கான்னு குட்டுவன் கேட்டான், ஆமான்னுட்டேன். அதுக்கு மேல அவன்கிட்ட என்ன விளக்கம். எனக்கும் இந்த மெஷினுக்கும் ஒரே வாரத்துல நோவு வந்துச்சு, ரெண்டு பேரையும் அடக்கி வெச்சுட்டாங்கன்னு சொன்னா ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் மெஷின் இல்ல. அதுக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு. இருந்தும் தெறக்காம இருந்தேனே, அதுதான் இப்ப நெஞ்சை அரிக்குது.

ஏன்னா நான் நம்பிட்டேன். மதுரையிலேருந்து வந்து இந்தச் சேர்ல உக்காந்த மொத நாளே எல்லாம் மந்தமா இருந்துச்சு. ஒரு போட்டோவைத் தெறக்கச் சொன்னா தெறக்க மாட்டேங்குது, பொண்ணு முகத்துல நெழலை எடுக்கச் சொன்னா மணல் கடிகாரம் சுத்திக்கிட்டே கெடக்கு. ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுருது. முந்தி இப்படி இல்லையே, முந்தி நான் கையை எடுக்கறதுக்குள்ள அது வந்து நிக்குமேன்னு நெனச்சேன். உடனே அடுத்த நெனப்பு என்ன வந்துச்சு தெரியுமா, எனக்குத்தான் மூளை மந்தமாயிருச்சு, அதான் எல்லாம் மெதுவாத் தெரியுது, அப்படின்னு. மாத்திரை போட்டா அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, மாத்திரை கொஞ்சம் அசத்தத்தான் செய்யுது, அதனால மெஷின் மேல சந்தேகமே வரல. மெஷின் மேல வர வேண்டிய சந்தேகம் பூரா எம்மேலயே வந்துச்சு. குட்டுவனுக்கும் தெரியல, அவன் கேமராக்காரன், இந்தச் சேர்ல ஒரு நாள் முழுசா உக்காந்ததில்ல. ஆல்பம் லேட்டாகுதா, பழைய மெஷின், முடியாத அக்கா, கணக்கு முடிஞ்சுது அவனுக்கு. என் ஸ்கூட்டியை எடுத்து மச்சினனுக்குக் குடுத்துட்டான். உள்ள விழுந்துருவேன்னு பாத்ரூம் தாப்பாளைக் கழட்டிட்டான். எல்லாம் பாசம்தான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன், விழுந்து கெடந்தப்ப என்னை மடியில தூக்கிப் போட்டுக்கிட்டு அழுதவன் அவன். ஆனா பாசக்காரன் கையில சிக்கினா தப்பிக்கறது கஷ்டம். எதிரின்னா நாலு திட்டு திட்டலாம்.

வந்துருச்சு. விண்டோஸ் பாட்டு பாடுது. இவ்வளவு சீக்கிரமாவா? நான் இன்னும் தண்ணி பாட்டிலைக்கூட எடுக்கல. எப்பவும் இந்தப் பாட்டு வர்றதுக்குள்ள பாட்டிலை எடுத்து, குடிச்சு, மூடி, தலைமுடியை ஒரு தடவை அவுத்து முடிஞ்சுக்குவேன். ஹேங் ஆகுமா? ஆகட்டும் பாப்போம். கையை வெச்சுப் பாக்கறேன், பின்னாடி வர்ற காத்து சூடா இல்ல, ஆறின டீ கிளாஸ் சூடுதான். ஆயக்குடி ஆல்பத்தைத் தெற. தாலி கட்டற பக்கம், ரெட்டைப் பக்கம், பெருசு, இதுலதான் உசிரு போகும். பொண்ணுக்குப் பின்னாடி எவனோ ஒருத்தன் கொட்டாவி விடறான், அவனை எடுத்துட்டு அந்த எடத்துல தோரணத்தை நீட்டணும். நேத்து இதை ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டுப் பிடிக்கலேன்னு விட்டேன், இன்னொரு தடவை பண்ண தைரியம் இல்ல, அவ்வளவு நேரம் தின்னும். அமுக்கறேன். அமுக்கிட்டேன். கை தன்னால மவுஸ்லேருந்து எந்திரிக்குது. ரெண்டு கையும் மடியில வந்து ஒண்ணு மேல ஒண்ணா உக்காருது. கண்ணு தன்னால செவுத்துல தொங்கற பஞ்சாமிர்தக் கடை காலண்டருக்குப் போகுது, அதுல முருகனோட மயில், மயிலோட கண்ணு, ஒரு கண்ணுதான் தெரியும், அதையே பாத்துக்கிட்டு உக்காந்தா நேரம் போறது தெரியாது, அப்படியே நெனப்பு எங்கெங்கேயோ. அடச்சே. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. கொட்டாவிக்காரன் போயே போயிட்டான். தோரணம் நிக்குது. எப்ப வந்துச்சு? நான் மயிலைப் பாக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது, நான்தான் திரும்பல.

என் கை இன்னும் மடியிலயே இருக்கு. எனக்கு நானே யாரோ மாதிரி தெரியறேன். இப்படியா உக்காந்திருந்தேன் இத்தனை நாளா? கையைக் கட்டி, கண்ணு குத்திட்டு, வாயைச் சாத்தி. இப்பத்தான் புரியுது. போன தடவை மதுரைக்குப் போனப்ப டாக்டர் மாத்திரையைக் குறைக்கறதாத்தான் இருந்தாரு, அதுக்கப்புறம் வலிப்பு ஒண்ணுகூட வரலையேன்னு சந்தோஷமாத்தான் பேசினாரு. கடைசியா ஒரு கேள்வி கேட்டாரு. என்னைக் கேக்கல, குட்டுவனைக் கேட்டாரு. சில பேருக்கு வெட்டாம, விழாம, சும்மா வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருவாங்க, அதுவும் ஒரு வகை வலிப்பு, அந்த மாதிரி எதாவது உண்டான்னு. குட்டுவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னான், ஆமா சார், கம்ப்யூட்டர் முன்னாடி அடிக்கடி அப்படி ஆயிரும், கையை மடியில போட்டுக்கிட்டு செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கும், ஒரு தடவை கூப்பிட்டாக் கேக்காது. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே! எனக்கே அது நோவுன்னுதான் தோணுச்சு, எங்கேயோ போயிட்டு வர்றேன் போலன்னு. மாத்திரையைக் கூட்டிட்டாரு. அந்த மாத்திரையினால இன்னும் கொஞ்சம் தூக்கம், இன்னும் கொஞ்சம் மந்தம், இன்னும் கொஞ்சம் லேட்டு. எங்கேயும் போகலடா நான். நோவும் இல்ல, பேயும் இல்ல. வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். இது வர்றதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். காத்துக்கிட்டு இருக்கறவ பின்ன எதைப் பாப்பா, செவுத்தைத்தான் பாப்பா. தெனமும் பின்னாடி பூனை மாதிரி வந்து தோள்ல கையை வெச்சு, அக்கா, இங்கதான் இருக்கியான்னு ஒரு குரல்ல கேப்பான் பாரு, நோயாளிகிட்ட பேசற குரல். எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே சந்தேகம் வந்துரும், மறுபடியும் போயிட்டு வந்தோமான்னு.

அழுகை வருது. வரட்டும், ஆனா இப்ப அதுக்கு நேரம் இல்ல. மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஆடறதுக்கு நான் கிறுக்கி இல்ல, ராத்திரி மாத்திரையை ராத்திரி போடுவேன். மதுரைக்கு நானே போவேன், டாக்டர் முன்னாடி நானே உக்காருவேன், கேள்வியை என்கிட்ட கேளுங்கன்னு சொல்லுவேன். அப்புறம் குறைக்கறதும் குறைக்காததும் அவர் பாடு. ஆனா அதுக்கு மொதல்ல குட்டுவன் வாயிலேருந்து அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கணும். சொன்னா நம்புவானா? மெஷின் இப்ப எப்படி ஓடுது பாருன்னு காட்டினா என்ன சொல்லுவான், பரவால்லக்கா, ஆனா பையன்கிட்ட பேசிட்டேனே, நீ எதுக்குக் கஷ்டப்படணும்பான். வேகத்தைக் காட்டினா அவனுக்கு உறைக்காது. மந்தத்தைத்தான் காட்டணும். காட்டினாலும் பத்தாது. உக்கார வெக்கணும்.

பைக் சத்தம். குதிரை வண்டி ஸ்டாண்டுகிட்ட ஒரு ஹாரன் அடிப்பான், அவன்தான். அங்கேருந்து நிறுத்தி, பூட்டி, திருநீறு கடை அண்ணாச்சிகிட்ட நாலு வார்த்தை பேசிட்டுத்தான் வருவான், பேசட்டும், நல்லாப் பேசட்டும். சேவ் பண்ணியாச்சு. ரீஸ்டார்ட். டெலீட் பட்டனை அமுக்கு, அமுக்கு, அதுதான் பயாஸுக்கு வாசப்படி. நீலம். ரெண்டாம் நிலை கேஷ். எவ்வளவு ஆசையா ஓட விட்டேன் உன்னை, கொஞ்ச நேரம் படு, இது கடைசித் தடவை. நிறுத்து. எஃப் டென். ஒய். கறுப்பு. இப்ப கறுப்பைப் பாத்தா பயம் வரல, சிரிப்புதான் வருது. ஊர்ந்து ஊர்ந்து மெமரியை எண்ணி, ஊர்ந்து ஊர்ந்து பாட்டைப் பாடி, குட்டுவன் உள்ள வந்து சட்டைப் பட்டனைக் கழட்டி, டேபிள் ஃபேனுக்கு முன்னாடி நின்னு, கையில போனை எடுத்தப்பறம்தான் அது ஒருவழியா வந்துச்சு. போனைக் கீழ வை, ஆயக்குடிக்காரங்க ஆல்பத்துல ஒரே ஒரு எடம், உன் கண்ணுக்குச் சரியா இருக்கான்னு பாருன்னேன். நீயே பண்ணுக்கான்னான். எனக்குக் கை நடுங்குது, நீ உக்காருன்னேன். அது நல்லா வேலை செஞ்சுது. உடனே உக்காந்தான்.

அம்மன் கோயில் வாசல்ல மாப்பிள்ளை குடும்பம் பூரா நிக்கற குரூப் போட்டோ. அதே கொட்டாவிக்காரன் இங்கேயும் ஓரமா நிக்கறான். அவனைச் சுத்திக் கோடு நானே போட்டுக் குடுத்தேன், இதை மட்டும் அமுக்குன்னேன். அமுக்கினான். மணல் கடிகாரம் வந்துச்சு. நான் ரெண்டு அடி பின்னாடி போய் அவன் எப்பவும் நிக்கற எடத்துல நின்னேன். மொதல்ல மவுஸைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம் விரலால மேஜையைத் தட்டினான். அப்புறம் கை எறங்குச்சு. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, ரெண்டும் மடியில வந்து உக்காந்துச்சு. கழுத்து லேசாச் சாஞ்சுது, கண்ணு செவுத்துக்குப் போச்சு, காலண்டர்ல நின்னுச்சு. மயிலைத்தான் பாக்கறான். வாய் கொஞ்சம் தெறந்திருக்கு. சாப்பிட்ட மயக்கமோ, ஒட்டன்சத்திரத்துப் பையனோ, என்ன நெனப்போ, ஆளு இங்க இல்ல. நான் பூனை மாதிரி போய் அவன் தோள்ல கையை வெச்சேன். அவன் குரல்லயே கேட்டேன்.

“குட்டுவா, இங்கதான் இருக்கியா?”

“ம்... இங்கதான்க்கா இருக்கேன். இது வரணும்ல?”

சொன்னவன் சட்டுனு நிமிந்தான். மடியில கெடந்த ரெண்டு கையையும் குனிஞ்சு பாத்தான். காலண்டரைப் பாத்தான். திரும்பி என்னைப் பாத்தான், மதுரையில டாக்டர் பாத்த மாதிரி இல்ல, வேற மாதிரி. கண்ணு நெறைஞ்சுருச்சு அவனுக்கு. அக்கான்னான். மணல் கடிகாரம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. அழறதுக்கும் மன்னிப்புக்கும் டாக்டருக்கும் அப்புறம் நேரம் இருக்கு, எல்லாத்தையும் உக்காந்து பேசுவோம்.

“எந்திரிடா. அது என் சேர்.”